எச்சரிக்காமல் நிறுவப்படும் தனியுரிம பைனரி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு பேக்கேஜின் (நிறுவுவதற்காகக் கட்டித் தரப்படும் மென்பொருள் பொதியின்) மூலநிரல் வெளியில் இல்லை, உள்ளே இருப்பது பைனரி (கணினி மட்டும் படிக்கும் வடிவம்) மட்டும்தான் என்ற தகவல், நிறுவுவதற்கு முன்பே பயனரிடம் போய்ச் சேர வேண்டும். நிறுவியபின் சொல்லிப் பயனில்லை. நிறுவும் நேரத்தில் பேக்கேஜுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தில் ஓடுகின்றன. பேக்கேஜ்கள் இறங்கும் புதிய களஞ்சியத்தைச் சேர்ப்பது, அதை நம்பச் சொல்லும் சாவியைப் பதிப்பது, தினமும் தானாக ஓடும் கிரான் வேலையைப் போடுவது எல்லாம் அந்தச் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இங்கே லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு இரண்டையும் விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் பார்க்கலாம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளிலேயே தட்டவும்.

அறிகுறி: ஆப்ட் எதுவுமே கேட்கவில்லை, ஆனால் தனியுரிம பேக்கேஜ் வந்துவிட்டது

இது பழுது இல்லை, இவற்றின் பேக்கேஜ் மேலாளரான ஆப்ட் அமைக்கப்பட்ட விதமே அப்படித்தான். டெபியன் களஞ்சியம் மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று நான்கு பிரிவாக இருக்கிறது. உபுண்டுவில் மெயினும் யுனிவர்ஸும் கட்டற்றவை (மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருபவை), ரெஸ்ட்ரிக்டடும் மல்டிவர்ஸும் அப்படி இல்லை. மூலப் பட்டியலில் (எந்தக் களஞ்சியங்களிலிருந்து இறக்கலாம் என்ற பட்டியலில்) ஒரு பிரிவின் பெயர் இருந்தாலே அதற்கு நீங்கள் சம்மதம் கொடுத்துவிட்டதாக ஆப்ட் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனியாகக் கேட்காது. உபுண்டு டெஸ்க்டாப்பில் நான்கு பிரிவுமே வழக்கமாகத் திறந்திருக்கும். சம்மதம் கேட்கப்பட்டதே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

நிறுவும் முன் பார்க்க, 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --பிரிண்ட்-யூஆர்ஐஸ்' என்று தட்டி, பின்னால் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். எதுவும் நிறுவப்படாது. இறங்க வேண்டிய ஒவ்வொரு கோப்பின் முழு முகவரியும் திரையில் வரும். அதில் 'பூல்' என்ற சொல்லுக்கு அடுத்து இருப்பதைப் படியுங்கள். மெயின் என்றிருந்தால் கவலையில்லை. நான்-ஃப்ரீ, கான்ட்ரிப், மல்டிவர்ஸ், ரெஸ்ட்ரிக்டட் என்றிருந்தால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள். முகவரியின் தொடக்கத்தில் டெபியன், உபுண்டு வழங்கிகளை விட்டு வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அப்படியே. கூடவே இழுக்கப்படும் சார்பு பேக்கேஜ்களும் இதே பட்டியலில் வருவதால், தனியுரிமப் பொருள் மறைந்து வரும் மெட்டா பேக்கேஜ்களையும் இதில் பிடித்துவிடலாம். 'உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ்' அதற்கு நல்ல உதாரணம். அது வெறும் பெயர்ப்பலகை. தனியுரிமமானவை அதன் பரிந்துரைகள் வழியாக உள்ளே வருகின்றன.

கான்ட்ரிப்பையும் ஏன் சேர்க்க வேண்டும்? 'டிடிஎஃப்-எம்எஸ்கோர்ஃபான்ட்ஸ்-இன்ஸ்டாலர்' பேக்கேஜைத் திறந்து பார்த்தால் ஒரு எழுத்துருகூட இருக்காது. கட்டற்ற உரிமம் கொண்ட ஒரு சிறிய ஸ்கிரிப்ட் மட்டும் இருக்கும். அது ஓடும்போதுதான் மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்து இறக்குகிறது. நான்-ஃப்ரீயை மட்டும் தேடும் எச்சரிக்கை இதைத் தவறவிடும்.

பிரிவை மூட நினைத்தால் முதலில், ஏற்கெனவே அதிலிருந்து வந்து கணினியில் இருப்பவற்றைப் பட்டியலிடுங்கள். பட்டியலிலிருந்து பிரிவை எடுத்தாலும் பேக்கேஜ்கள் கணினியைவிட்டுப் போகாது. அவற்றுக்கு வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள்தான் நின்றுபோகும். ஓட்டையுள்ள பழைய பைனரி அப்படியே தங்கிவிடும், அது முன்பைவிட மோசம். வேண்டாததை நீக்கிவிட்டுப் பிறகு பிரிவை மூடுங்கள். 'சோர்ஸஸ்.லிஸ்ட்' கோப்பைத் திருத்தியும் மல்டிவர்ஸ் போகவில்லையா? உபுண்டு 24.04 முதல் பட்டியல் 'சோர்ஸஸ்.லிஸ்ட்.டி' அடைவுக்குள் 'உபுண்டு.சோர்ஸஸ்' என்ற கோப்புக்கு மாறிவிட்டது. அதில் 'காம்போனன்ட்ஸ்' வரியைத் திருத்த வேண்டும்.

பிரிவு திறந்திருக்க வேண்டும், ஆனால் தானாக எதுவும் வரக்கூடாது என்றால் முன்னுரிமைக் கோப்பில் எல்லாப் பேக்கேஜுக்கும் 'ரிலீஸ் சி=நான்-ஃப்ரீ' என்று 'பின்' வரி போட்டு, முன்னுரிமை எண்ணை -1 ஆக்குங்கள். தேவையான பேக்கேஜை மட்டும் பெயர் சொல்லித் தனிப் பத்தியில் 500 கொடுங்கள். இப்போது மற்றவற்றை நிறுவ முயன்றால் நிறுவத் தகுந்த பதிப்பு இல்லை என்ற பிழை வரும். காரணம் தெரியாத பயனர் களஞ்சியம் கெட்டுவிட்டது என்று நினைப்பார். அலுவலகம், ஆய்வகம் போல பலர் புழங்கும் கணினிகளில் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அறிகுறி: சோதனைக் கருவி 'எல்லாம் கட்டற்றது' என்கிறது, ஆனால் கூகுள் குரோம் இருக்கிறது

டெபியனில் நெடுங்காலம், தனியுரிம பேக்கேஜ்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் 'விஆர்எம்எஸ்' என்ற கருவி இருந்தது. டெபியன் 12 முதல் அதே வேலையை 'செக்-டிஎஃப்எஸ்ஜி-ஸ்டேட்டஸ்' செய்கிறது. இவை பேக்கேஜின் 'செக்‌ஷன்' புலத்தை நம்புகின்றன. டெபியனின் சொந்தப் பேக்கேஜ்களில் அந்தப் புலம் 'நான்-ஃப்ரீ/' என்று தொடங்கும், அதனால் மாட்டிக்கொள்ளும். வெளி நிறுவனம் தானே கட்டித் தரும் பேக்கேஜில் அந்தப் புலத்தை நிறுவனமே எழுதுகிறது. குரோம் அதில் 'வெப்' என்று மட்டும் சொல்கிறது. பொய் இல்லை, ஆனால் உரிமத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் கிடையாது.

ஒட்டிய சீட்டைப் பார்க்காமல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளைக்குத் தேடல் வடிவமாக '?நேரோ(?இன்ஸ்டால்ட், ?நாட்(?ஆரிஜின்(டெபியன்)))' என்று ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்தால், டெபியனிலிருந்து வராத அத்தனையும் வரிசையாக வரும். உபுண்டுவில் உபுண்டு என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆப்ட் 2.0க்கு முந்தைய பதிப்பில் இந்த வடிவம் வேலைசெய்யாது, ஆப்டிட்யூட் என்ற கருவியில் தேடுங்கள். தனி டெப் (டெபியன் பேக்கேஜ்) கோப்பாக நிறுவப்பட்டு எந்தக் களஞ்சியத்திலும் இல்லாதவற்றுக்கு '?அப்சலீட்' என்ற வடிவம். இந்த இரண்டு பட்டியலிலும் இருப்பதெல்லாம் தனியுரிமம் அல்ல. ஆனால் தனியுரிமமாக இருந்து கருவிக்குத் தப்பியது இவற்றுக்குள்தான் இருக்கும்.

சீட்டை நம்ப முடியாததற்கு, நிரல் எழுதும் செயலியான விஷுவல் ஸ்டுடியோ கோட் இன்னொரு உதாரணம். அதன் மூலநிரல் எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் திறந்தே இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தரும் ஆயத்த பைனரிக்கு உரிமம் வேறு, அது தனியுரிமம். 'திட்டம் திறந்தது' என்பதும் 'இந்தக் கோப்பு திறந்தது' என்பதும் ஒன்றல்ல. எச்சரிக்கை வாசகத்தில் கோப்பைப் பற்றிச் சொல்லுங்கள். மாற்றாக, அதே மூலநிரலிலிருந்து கட்டப்படும் விஎஸ்கோடியம் இருப்பதையும் அங்கேயே ஒரு வரியில் காட்டலாம்.

குரோம் தன் களஞ்சியத்தைத் தானே சேர்த்துக்கொள்வது வேண்டாம் என்றால், நிறுவுவதற்கு முன் 'ஈடிசி' அடைவில் 'டிஃபால்ட்' என்பதற்குள் 'கூகுள்-குரோம்' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். பிறகு புதுப்பிப்புகளை நீங்களே கையால் இறக்க வேண்டியிருக்கும். உலாவிக்கு அது சின்ன வேலையில்லை.

அறிகுறி: உரிமத் திரை வந்தது, ஓகே அழுத்த முடியவில்லை

'டிடிஎஃப்-எம்எஸ்கோர்ஃபான்ட்ஸ்-இன்ஸ்டாலர்' போன்றவற்றை நிறுவும்போது நீலத் திரையில் நீண்ட உரிம வாசகம், கீழே ஓகே. மவுஸும் என்டரும் வேலைசெய்யாது. டேப் விசையை ஒருமுறை தட்டினால் ஓகேவின் மேல் சிவப்பு நிறம் ஏறும், பிறகு என்டர். அடுத்த திரையில் ஆம், இல்லை என்று கேட்கும்போதும் டேப்தான்.

தவறி 'இல்லை' கொடுத்துவிட்டால், இந்தக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃப் என்ற அமைப்பு அந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். மறுபடி நிறுவினாலும் கேட்காது. 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர்' கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் கேள்வி திரும்ப வரும்.

கன்டெய்னர்களில் (கணினிக்குள் தனித்து ஓடும் மூடிய சூழல்களில்) 'டெபியன்_ஃப்ரன்ட்எண்ட்' மாறி 'நான்இன்டராக்டிவ்' என்று இருக்கும். கேள்வியே காட்டப்படாது, ஏற்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும். எழுத்துருக்கள் இறங்காது. 'எஃப்சி-லிஸ்ட்' போட்டு ஏரியல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். 'டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸ்' வழியாக முன்கூட்டியே 'ஆம்' என்று பதிக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியை எழுதுபவர், அந்தக் கன்டெய்னர் படிமத்தைப் பயன்படுத்தப்போகும் எல்லோர் சார்பிலும் உரிமத்தை ஏற்கிறார். படிமத்தின் விளக்கக் கோப்பில் எந்த உரிமம் ஏற்கப்பட்டது என்று எழுதியாக வேண்டும்.

அறிகுறி: நாமே எழுதிய எச்சரிக்கை ஸ்கிரிப்ட், 'ஒய்' தட்டும் முன்பே முடிந்துவிடுகிறது

பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஆப்டில் 'டிபிகேஜி::ப்ரீ-இன்ஸ்டால்-பேக்கேஜஸ்' என்ற கொக்கி இருக்கிறது (அமைப்புக் கோப்பில் கடைசிச் சொல்லைச் சுருக்கி எழுதுவார்கள்). எல்லாம் இறங்கியபின், உண்மையில் நிறுவும் கருவியான டிபிகேஜி ஓடுவதற்கு முன், நீங்கள் சொன்ன ஸ்கிரிப்டை ஆப்ட் ஓட்டும். நிறுவப்போகும் டெப் கோப்புகளின் பட்டியலை ஸ்கிரிப்டின் நிலையான உள்ளீட்டில் (வழக்கமாக விசைப்பலகையில் தட்டுவது வரும் வழியில்) தரும். எங்கே தவறுகிறது என்றால், ஸ்கிரிப்டில் சாதாரணமாக 'ரீட்' கட்டளை போட்டுப் பதில் கேட்டால், பயனர் தட்டுவது வராது. பட்டியலின் அடுத்த வரி பதிலாக வந்து விழும், அல்லது பட்டியல் முடிந்திருந்தால் வெற்றுப் பதில் வரும். கேள்வி கண்ணில் பட்டு மறைந்துவிடும்.

தீர்வு இரண்டு. பதிலை, டெர்மினலைக் குறிக்கும் '/டெவ்/டிடிஒய்' என்ற சாதனக் கோப்பிலிருந்து படிக்கலாம். அல்லது 'டிபிகேஜி::டூல்ஸ்::ஆப்ஷன்ஸ்' கீழ் உங்கள் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைப் போட்டு 'இன்ஃபோஎஃப்டி' மதிப்பை 20 என்று கொடுங்கள். பட்டியல் 20ஆம் எண் வாயில் வழியாக வரும், நிலையான உள்ளீடு விசைப்பலகைக்கே மீளும். பேக்கேஜ்களின் மாற்றக் குறிப்புகளைக் காட்டும் 'ஆப்ட்-லிஸ்ட்சேஞ்சஸ்' செய்வதும் இதையேதான்.

அதே இடத்தில் 'வெர்ஷன்' மதிப்பை 3 ஆக்குங்கள். 1 என்றால் கோப்புப் பாதைகள் மட்டும் வரும், அது புதிய நிறுவலா புதுப்பிப்பா என்று கண்டுபிடிக்க வழியில்லை. 3 என்றால் முதலில் பதிப்பு வரி, பிறகு ஆப்டின் அமைப்புகள் முழுவதும், ஒரு வெற்று வரி, அதன்பிறகு பேக்கேஜுக்கு ஒரு வரி என்று வரும். அந்த வரியில் பெயர், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, கட்டமைப்பு, கோப்புப் பாதை எல்லாம் இருக்கும். பழைய பதிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிறுகோடு இருந்தால் அது முதல் நிறுவல். வெற்று வரிக்கு முன் வருவதைத் தள்ளிவிட மறந்தால், அமைப்பு வரிகளையெல்லாம் பேக்கேஜ் என்று நினைத்து ஸ்கிரிப்ட் குழம்பும்.

மூலத்தைக் கண்டுபிடிக்க, டெப் கோப்புக்குள் இருக்கும் 'செக்‌ஷன்' புலத்தோடு நிற்காதீர்கள். உபுண்டுவில் கோப்புக்குள் எழுதியிருப்பதும் களஞ்சியம் அதை வைத்திருக்கும் பிரிவும் மாறலாம். 'ஆப்ட்-கேஷ் ஷோ' கட்டளைக்குப் பெயரையும் பதிப்பையும் சமக்குறியோடு சேர்த்துக் கொடுத்து, 'ஃபைல்நேம்' புலத்தில் 'பூல்' என்பதற்கு அடுத்த சொல்லைப் படியுங்கள். புலம் 'பூல்/மெயின்' என்று தொடங்கினாலும் அது டெபியனுடையதுதானா என்பதை 'ஆப்ட்-கேஷ் பாலிசி' காட்டும் முகவரியில் உறுதிசெய்யுங்கள். வெளிக் களஞ்சியங்களும் தங்கள் பிரிவுக்கு மெயின் என்றே பெயர் வைக்கின்றன. கையில் இருந்த டெப் கோப்பை நேரடியாக நிறுவினால் களஞ்சிய முகவரியே கிடைக்காது. அதை 'மூலம் தெரியாதது' என்று எச்சரியுங்கள், அமைதியாக விட்டுவிடாதீர்கள்.

கொக்கிக் கோப்பின் பெயரைச் சிறிய எண்ணில் தொடங்குங்கள், 20 நன்று. டெப்கான்ஃபின் கொக்கி '70டெப்கான்ஃப்' என்ற கோப்பில் இருக்கிறது. உங்களுடையது அதற்குப் பின்னால் வந்தால், முதலில் உரிமத் திரை வரும், ஏற்றபிறகு உங்கள் எச்சரிக்கை வரும். வரிசை தலைகீழாகிவிடும்.

பயனர் 'வேண்டாம்' என்றால் ஸ்கிரிப்ட் பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேற வேண்டும். ஆப்ட், ஸ்கிரிப்ட் தோற்றது என்று ஒரு பிழை வரியைக் காட்டிவிட்டு நிற்கும், எதுவும் நிறுவப்பட்டிருக்காது. அந்த வரி பயமுறுத்தும் என்பதால் அதற்கு முன்பாகவே 'நீங்கள் மறுத்ததால் நிறுத்தப்பட்டது' என்று ஸ்கிரிப்ட் அச்சிடட்டும். டெப்கான்ஃப் கொக்கியைப் பார்த்து எழுதுபவர்கள் அதன் கடைசியில் உள்ள '|| ட்ரூ' என்பதையும் சேர்த்து நகலெடுத்துவிடுவார்கள். அது இருந்தால் எந்த மறுப்பும் வெற்றியாகவே போகும், நிறுவல் நிற்காது.

இந்தக் கொக்கிக்கு ஒரு குறை உண்டு. இறக்கம் முடிந்தபின்தான் ஓடுகிறது. பெரிய டிரைவர் தொகுப்பாக இருந்தால் பயனரின் டேட்டா ஏற்கெனவே செலவாகியிருக்கும். 'தொடரலாமா' என்று ஆப்ட் கேட்கும் முன்பே செய்தி காட்ட வேண்டுமென்றால் 'ஆப்ட்சிஎல்ஐ::ஹூக்ஸ்::இன்ஸ்டால்' என்ற ஜேசன் (தரவு எழுதும் ஒரு வடிவம்) கொக்கியைப் பயன்படுத்துங்கள். எழுதக் கொஞ்சம் கடினம். செய்தி அங்கே, தடை இங்கே என்று இரண்டையும் வைத்தால் மிக நல்லது.

அறிகுறி: எச்சரிக்கை போட்டபின் தானியங்கிப் புதுப்பிப்பு நின்றுவிட்டது

'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' இரவில் ஓடும்போது எதிரே ஆள் இல்லை, '/டெவ்/டிடிஒய்' திறக்காது, ஸ்கிரிப்ட் பிழையோடு வெளியேறும். பாதுகாப்புப் புதுப்பிப்பே நின்றுபோகும். முனையம் (டெர்மினல்) இல்லையென்றால், ஏற்கெனவே உள்ளதன் புதுப்பிப்பைப் பதிவேட்டில் குறித்துவிட்டு அனுமதியுங்கள், புதிய நிறுவலை மட்டும் மறுங்கள். மென்பொருள் மையம் போன்ற வரைகலைச் செயலிகளும் பேக்கேஜ்கிட் என்ற இடைச்சேவை வழியாக முனையமின்றி வருகின்றன. அங்கே பயனருக்கு உங்கள் செய்தி தெரியாது.

புதுப்பிப்பு ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்கும் ஸ்கிரிப்ட் பயன்படாது. மூன்றாவது முறையிலிருந்து படிக்காமலேயே 'ஒய்' தட்டுவார்கள். முதல் நிறுவலில் ஒருமுறை கேளுங்கள். வாசகம் நான்கு வரி போதும்: பேக்கேஜ் பெயர், யார் தருகிறார், எந்த முகவரியிலிருந்து வருகிறது, கட்டற்ற மாற்று என்ன. இயல்பான பதில் 'இல்லை' என்று இருக்கட்டும்.

'டிபிகேஜி -ஐ' என்று நேரடியாக நிறுவினால் ஆப்டின் கொக்கிகள் எதுவும் ஓடாது. உபுண்டுவின் இன்னொரு பேக்கேஜ் முறையான ஸ்னாப்பும் அப்படியே. உபுண்டுவில் 'குரோமியம்-பிரவுசர்' டெப் 19.10 முதல் ஸ்னாப்பை நிறுவும் பாலம் மட்டுமே. குரோமியம் கட்டற்றதுதான், ஆனால் ஆப்டைக் காவல் வைத்த இடத்தில் இன்னொரு வாசல் இருப்பதை அது காட்டுகிறது.

அறிகுறி: டெபியன் 12க்கு மாறியபின் 'ஆப்ட் அப்டேட்' ஃபர்ம்வேர் பற்றிக் குறிப்பு காட்டுகிறது

2022 அக்டோபரில் டெபியன் வாக்கெடுப்பில் எடுத்த முடிவின்படி ஃபர்ம்வேர்கள் (வன்பொருளுக்குள் ஓடும் நிரல்கள்) நான்-ஃப்ரீயிலிருந்து பிரிக்கப்பட்டன. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அதற்கெனத் தனிப் பிரிவு வந்தது. பட்டியலில் பழைய நான்-ஃப்ரீ மட்டும் இருந்தால் வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர் பழைய பதிப்பிலேயே நின்றுவிடும். 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்பதைச் சேருங்கள். மற்ற தனியுரிமப் பொருள் வேண்டாமென்றால் நான்-ஃப்ரீயை இப்போது எடுத்துவிடலாம். இந்தப் பிரிப்பின் பெரிய பலன் அதுதான். குறிப்பை அணைக்க அமைப்பு உண்டு, ஆனால் பட்டியலைச் சரிசெய்யாமல் அணைக்காதீர்கள்.

அறிகுறி: எந்த பேக்கேஜ் என்று தெரியவில்லை, கெர்னல் மட்டும் 'டெயின்டட்' (கறைபட்டது) என்கிறது

பேக்கேஜ் மேலாளர் வாய் திறக்காவிட்டாலும் லினக்ஸின் மையமான கெர்னல் சொல்லும். '/ப்ராக்/சிஸ்/கெர்னல்/டெயின்டட்' கோப்பைப் படித்தால் ஓர் எண் வரும். அதில் 1 தனியுரிம மாட்யூலுக்கு (கெர்னலில் ஏற்றப்படும் துணை நிரலுக்கு), 4096 கெர்னலுக்கு வெளியே கட்டப்பட்டதற்கு, 8192 கையொப்பம் இல்லாததற்கு. மூன்றும் சேர்ந்தால் 12289. கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவின் மூடிய டிரைவர் உள்ள கணினிகளில் அடிக்கடி காணும் எண் இது. எந்த மாட்யூல் என்பதை 'டிமெசேஜ்' பதிவிலும், அதன் உரிமத்தை 'மாட்இன்ஃபோ' கட்டளையிலும் காணலாம்.

எண் ஒற்றைப்படையாக இல்லையென்றால் கெர்னலில் தனியுரிம மாட்யூல் ஏற்றப்படவில்லை. ஆனால் அதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. 2022 மே மாதம் முதல் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களை எம்ஐடி, ஜிபிஎல் இரட்டை உரிமத்தில் தருகிறது. அதைப் பயன்படுத்தினால் 1 என்ற பிட் ஏறாது. ஆனால் அதன் 'ஓபன்ஜிஎல்' (வரைகலை), 'கூடா' (கணிப்பு) நூலகங்கள் இன்னும் மூடிய பைனரிகளே. கெர்னலுக்கு அவை தெரியாது.

மற்ற மேலாளர்களில்

நிக்ஸ் என்ற மேலாளர் எச்சரிப்பதை நன்றாகவே செய்கிறது. தனியுரிம பேக்கேஜைக் கணக்கிடவே மறுத்து, காரணத்தையும் சொல்லும். 'நிக்ஸ்பேக்கேஜஸ்_அலவ்_அன்ஃப்ரீ' மாறியை 1 ஆக்கியும் ஃப்ளேக்கில் (நிக்ஸின் திட்ட வடிவத்தில்) அதே பிழை வந்தால், '--இம்ப்யூர்' சேர்க்கவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் திறப்பதைவிட 'அலவ்அன்ஃப்ரீபிரெடிகேட்' வழியாகப் பெயர் சொல்லி அனுமதியுங்கள். ஜென்டூ லினக்ஸில் 'அக்செப்ட்_லைசென்ஸ்' 2019 முதல் இயல்பாகவே கட்டற்ற உரிமங்களை மட்டும் ஏற்கிறது. மறைக்கப்பட்டது என்று வந்தால் 'பேக்கேஜ்.லைசென்ஸ்' கோப்பில் அந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் வரி சேருங்கள். ஆர்ச் லினக்ஸின் பயனர் களஞ்சியமான ஏயூஆரில் '-பின்' என்று முடியும் பெயர் ஆயத்த பைனரி என்பதை மட்டுமே சொல்கிறது. கட்டற்ற மென்பொருளும் அப்படி வரும், தனியுரிமமும் வரும். உரிம வரியைப் படித்தாக வேண்டும்.

இன்னொரு செயலிப் பொதி முறையான ஃபிளாட்பேக்கில் ஃபிளாட்ஹப் களஞ்சியத்தைச் சேர்க்கும்போதே '--சப்செட்=ஃப்ளாஸ்' கொடுத்தால் தனியுரிமச் செயலிகள் பட்டியலிலேயே வராது.

பைத்தான் மொழியின் பேக்கேஜ் மேலாளரான பிப்பில் எச்சரிக்கை என்ற ஒன்றே இல்லை. லினக்ஸில் 'டார்ச்' என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தை நிறுவினால் 'என்விடியா-' என்று தொடங்கும் பல பேக்கேஜ்கள் கூடவே இறங்கும். 'பிப் ஷோ' போட்டு உரிமப் புலத்தைப் பாருங்கள், என்விடியாவின் தனியுரிமம் என்றே இருக்கும். ஜிபியு இல்லாத கணினியில் அவை தேவையே இல்லை, டார்ச்சின் சிபியு களஞ்சிய முகவரியைக் கொடுத்து நிறுவுங்கள். முன்கூட்டியே பார்க்க, பிப் 22.2 முதல் '--ட்ரை-ரன்' உடன் '--ரிப்போர்ட்' கொடுத்தால் ஜேசன் கோப்பில் ஒவ்வொன்றின் உரிமமும் முகவரியும் கிடைக்கும். '--நோ-பைனரி' இதற்கு உதவாது. அது ஆயத்த வீல் கோப்புகளைத் தவிர்க்கச் சொல்லும், அவ்வளவே, உரிமத்தைப் பார்க்காது.